பெற்றோர் உண்ணும் வேளை



விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்னும் ஊர் இருக்கிறது. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலால் பலரும் அறிந்த ஊர் அது. அவ்வூரின் பெயரே பழைய நிலக்கொடைச் சொல். கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்றும், சமணப் பள்ளிகளுக்கும் பௌத்தப் பள்ளிகளுக்கும் விடப்பட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்றும் கல்வெட்டுகள் குறிக்கும். அறம் ஒன்றுக்கென ஒதுக்கிய நிலத்தின் விளைவை வேறொரு செலவுக்குத் திருப்பலாகாது என்பதே இவ்விரு சொற்களுக்கும் உயிரான கருத்து. எத்தனை வறட்சி வந்தாலும், எத்தனை அரசர் மாறினாலும், ஒதுக்கியது ஒதுக்கியதே என்பது கொடையாளியின் எதிர்பார்ப்பு.

இன்றைய இல்லத்தின் ஒரு நாளை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இருபத்து நான்கு மணி நேரத்தில் பிள்ளையின் பள்ளிக்கு ஒரு பங்கு, அலுவலகத்துக்கு ஒரு பங்கு, முதியோர் மருந்துக்கு ஒரு பங்கு, சமையலுக்கு ஒரு பெரும்பங்கு என எல்லாம் ஒதுக்கப்பட்டிருக்கும். தாய் தந்தையரின் உடலுக்கென ஒதுக்கிய நேரம் மட்டும் இருப்பதில்லை. இருந்தாலும், முதல் நெருக்கடியிலேயே பறிபோவது அதுதான். பிள்ளைக்குத் தேர்வு என்றால் தாயின் நடைப்பயிற்சி நிற்கும். உறவினர் வருகை என்றால் தந்தையின் உணவு முறை குலையும்.

தேவதானத்தையும் அதைச் சூழ்ந்த வட்டாரத்தையும் இவ்வுரைக்குக் களமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனப் பகுதிகளைச் சேர்ந்தவை. தெற்கத்தி ஊர் ஒன்று அவர்களுக்குத் தொலைவாகத் தோன்றலாம். ஆயினும் கணவனும் மனைவியும் இருவருமே கடிகாரத்துக்கு உழைக்கும் வாழ்க்கையை அவ்வட்டாரம் மூன்று தலைமுறைகளுக்கு முன்பே கண்டுவிட்டது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டு தொடங்கிய இராஜபாளையம் மில்ஸைத் தொடர்ந்து அங்கே நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஓடுகின்றன. ஒரு தெருவில் ஒரு வீட்டார் ஷிப்டு முடிந்து திரும்பும் வேளையில் அடுத்த வீட்டார் ஷிப்டுக்குப் புறப்படுவர். சென்னையிலும் பெங்களூரிலும் கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரியும் நம் இளம் பெற்றோர் இன்று படும் பாட்டை, ஆலைச் சங்கின் ஓசையோடு அவ்வூர்த் தாய்மார் முன்னரே பட்டுவிட்டனர்.

அத்தகைய ஒரு தாயின் காலையைக் கருதிப் பார்க்கலாம். ஐந்து மணிக்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, இரண்டு வேளைக்குச் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, மாமியாருக்குக் காபி தந்து, பேருந்தைப் பிடிக்கும்போது அவர் வயிற்றில் இருப்பது ஒரு குவளைத் தேநீர் மட்டுமே. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவருக்குத் தனியே உடற்பயிற்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. நின்றுகொண்டே இருப்பது உடலை அயரச் செய்யுமேயன்றி வலுப்படுத்தாது. இதயத் துடிப்பைச் சற்றே உயர்த்தி, மூச்சை ஆழமாக்கி, எல்லாத் தசைகளையும் மாறி மாறி இயக்குவது பயிற்சி. ஒரே தசையை ஒரே நிலையில் மணிக்கணக்கில் இறுக்கி வைப்பது உழைப்பின் சுமை.

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திற்று. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள் என்றும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடும் நேரம் 97 நிமிடங்கள் என்றும் அது தெரிவிக்கிறது. ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தாம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நேரம் இல்லை என்று ஒரு தாய் சொன்னால் அது சாக்கு அன்று, கணக்கு. உடற்பயிற்சி செய்ய மனவுறுதி வேண்டும் என்று மேடைதோறும் அறிவுரை கூறுவோர், அந்த 299 நிமிடங்களில் யார் எத்தனையை ஏற்றுக்கொள்வது என்பதைப் பேசாமல் விட்டுவிடுகின்றனர்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்த காலத்தில் பெண்கள் நோயின்றி வாழ்ந்தனர் எனப் புகழ்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த ஆட்டுக்கல்லைச் சுற்றிய கைகள் யாருடையவை என்பதைப் புகழ்வோர் எண்ணுவதில்லை. பிள்ளைப்பேறு பல கண்டு, இடுப்பு ஒடிய மாவரைத்து, எல்லாருக்கும் பரிமாறிய பின் சட்டியில் எஞ்சியதை உண்ட பெண்ணின் உடல்நலத்தை எந்தப் பாட்டியும் பொற்காலம் என்று சொல்லமாட்டார். மின் அரவை வந்தது நன்மையே. அது மீத்துக் கொடுத்த நேரம் தாயின் உடலுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை.

எஞ்சியதை உண்ணும் அந்த வழக்கம் இன்றும் மறையவில்லை. உடல்நலம் குன்றுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழகத்தைப் பற்றிக் கூறும் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பதினைந்து வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்கு இரத்தச்சோகை. எடை கூடியிருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது. இவை இரண்டும் எப்படி ஒருங்கே நிகழும் என ஐயுறலாம். சமையலறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். கீரையும் பருப்பும் முதற்பந்தியிலேயே தீர்ந்துவிடும். சோறும், குழம்பின் அடியும், பிள்ளை பாதியில் வைத்துவிட்டுப் போன இட்டிலியும் தாய்க்கு மிஞ்சும். வீணாகக் கூடாதே என்று அதை உண்கிறார். வயிறு நிறைகிறது, இரும்புச்சத்து சேரவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டு வரையறுத்தபடி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்புச்சத்து 19 மில்லிகிராம். பெண்ணுக்கு 29 மில்லிகிராம். மிகுதியாகத் தேவைப்படுபவர் கடைசியில் உண்கிறார் என்பதே பல இல்லங்களின் நிலை. பத்துச் சொற்பொழிவுகள் செய்ய இயலாததை ஒரு சிறு மாற்றம் செய்யும்: வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்பது, அல்லது சமைத்தவர்க்கு உரிய கூட்டையும் பருப்பையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பது. இதற்குச் செலவு ஏதுமில்லை.

புலால் உண்ணாக் குடும்பங்களுக்கு இரும்பும் புரதமும் போதிய அளவு கிடைக்குமா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. கிடைக்கும், ஆனால் தானாகக் கிடைத்துவிடாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2000 கலோரி உணவில் தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம், காய்கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம் என்று கூறப்பட்டுள்ளது. நம் வீடுகளின் தட்டில் தானியம் இவ்வளவைக் கடந்து நிற்கும். பயறும் காயும் பாதியை எட்டினாலே பெரிது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பயற்றை ஏற்றுவதே சைவ உணவினர் செய்ய வேண்டிய முதற்பணி.

கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அது பத்தைத் தாண்டுவதும் அரிது. கரிசல் நிலத்துக் கம்பில் இரும்பு மிகுதி. முருங்கைக்கீரையோடு எலுமிச்சைச் சாறு சிறிது பிழிந்தாலும், உணவுடன் ஒரு நெல்லிக்காய் சேர்த்தாலும் அவ்விரும்பை உடல் நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைபடும். ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். மழைக்கால மாதங்களில் கீரை தவிர்க்கும் இல்லங்கள் கம்பு, எள், பயறு ஆகியவற்றை அக்காலத்தில் கூட்டிக்கொள்ளலாம். பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் இல்லை. பாலும் தயிரும் குறைவாகக் கொள்வோர் காலில் மதமதப்பும் தீராத அசதியும் கண்டால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம்.

தின்பண்டம் பற்றி ஒரு சொல். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. இரண்டும் அவ்வட்டாரத்தின் பெருமை. பாலும் சர்க்கரையும் சுண்டிய பால்கோவா விருந்தினர் கொண்டுவரும் நாளுக்கு உரியது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த மிட்டாய் ஒரு துண்டு, பிள்ளைக்கு மாலை நேர பிஸ்கட்டைக் காட்டிலும் எவ்வளவோ மேல். பால்கோவாவை முற்றிலும் விலக்கச் சொல்வது இரக்கமற்ற செயல்; விழா நாளில் அதைச் சொல்லவும் கூடாது.

உடற்பயிற்சிக்கு வருவோம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை. அதற்கு முன்பிருந்த நெறிமுறையில், தொடர்ந்து பத்து நிமிடமேனும் செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. புதிய நெறிமுறை அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. இச்செய்தி பெற்றோர் பலரைச் சென்றடையவில்லை. ஒரு மணி நேரம் ஒருசேரக் கிடைத்தால்தான் பயிற்சி, இல்லையேல் ஒன்றுமில்லை என்று எண்ணிப் பத்து ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். பேருந்து நிறுத்தத்துக்கு ஏழு நிமிட விரைந்த நடை, அலுவலகத்தில் மாடிப்படி, மாலையில் பிள்ளையோடு எட்டு நிமிடப் பந்தாட்டம் என எல்லாம் கூடும். நடக்கையில் பேச இயல வேண்டும், பாட இயலக்கூடாது. அதுவே மிதமான வேகத்துக்கு எளிய அளவுகோல்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட இயக்கம் வேண்டும் என்றும் அதே நெறிமுறை கூறுகிறது. பெற்றோர் தேவையும் பிள்ளை தேவையும் இங்கே ஒன்றாகின்றன. தந்தை ஒருபுறம் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பிள்ளை மறுபுறம் கைபேசிக்குமாகப் பிரிவதைவிட இருவரும் சேர்ந்து நடப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தை மாவட்டங்கள்தோறும் தொடங்கியது. எட்டு வேண்டாம், இரண்டு போதும். தேவதானத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்குச் செல்லலாம். எட்டாம் நூற்றாண்டையொட்டிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற அம்மலையின் பாறைச் சரிவில் பிள்ளைகளோடு ஏறி இறங்கினால் அன்றைய பயிற்சி முடிந்தது. குரத்தியர் என்னும் பெண் ஆசான்களின் பெயர்களைக் கல்வெட்டில் காட்டினால் பாடமும் நடந்ததாகும்.

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் காலைச் சுமையை அரசு உணர்ந்து கைகொடுத்த வரலாறும் அம்மாவட்டத்தோடு தொடர்புடையது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பசித்த பிள்ளைக்கு உணவு என்பதே இவற்றின் நோக்கம். ஆயினும் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ பள்ளியில் கிடைக்கும்போது, ஷிப்டுக்கு ஓடும் தாய்க்குக் காலையில் அரைமணி நேரம் மிச்சமாகிறது. அந்த அரைமணியில் அவர் அமர்ந்து உண்கிறாரா என்பதை எந்த அரசும் கண்காணிக்க இயலாது, வீட்டார் கண்காணிக்கலாம்.

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் மரபு. அதன் அடிப்படை கொல்லாமை. உடல்நலம் அதன் உடன்விளைவு. உறங்கச் செல்லுமுன் வயிறு ஒழிந்திருப்பது நல்லது என்று மருத்துவர் கூறுவதால் அதற்குப் புதுமதிப்பு வந்துவிடவில்லை. மதிப்பு முன்பே உண்டு. ஆனால் இராஜபாளையத்தில் மார்கழியில் ஆறு மணி கடந்த சிறிது நேரத்தில் கதிரவன் மறைகிறான். தேவதானம் போல மலையடிவாரத்தில் இருக்கும் ஊர்களில் மேற்கே மலை நிற்பதால் வெயில் அதற்கும் முன்னரே ஒளிந்துகொள்ளும். ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு சேரும் பெற்றோர் என்ன செய்வர்?

மூன்று வகையாக நடக்கிறது. சில வீடுகளில் வழக்கம் கைவிடப்பட்டு, ஒன்பது மணிக்குத் தோசை சுடப்படுகிறது. சில வீடுகளில் ஐந்து மணிக்கே பஜ்ஜியும் பிஸ்கட்டும் முறுக்கும் உணவின் இடத்தைப் பிடித்துவிடுகின்றன. மரபின் எழுத்து காக்கப்படுகிறது, பிள்ளையின் உடல் காக்கப்படுவதில்லை. மூன்றாவது வகைதான் மிகவும் வருந்தத்தக்கது. கணவரும் பிள்ளைகளும் நேரம் பாராமல் உண்ண, தாய் மட்டும் நெறி வழுவாமல் உண்ணாது படுக்கிறார். ஒரு மணிக்கு உண்ட மதிய உணவுக்கும் மறுநாள் எட்டு மணிக்கும் இடையே பத்தொன்பது மணி நேரம். இதற்கிடையே இரவுச் சமையலும் அவருடையதே. மனமுவந்து, உடலறிந்து ஏற்பது நோன்பு. இது கவனிப்பாரற்ற பட்டினி. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது நோன்புக்கே இழுக்கு.

வழி இல்லாமல் இல்லை. வேலைக்குச் செல்வோர் மதிய உணவோடு இரண்டாவது டப்பா ஒன்றையும் கொண்டு செல்லட்டும். அதில் கம்பு அடையோ, பயற்றுச் சுண்டலோடு இரண்டு சப்பாத்தியோ, காய் மிகுந்த கிச்சடியோ இருக்கட்டும். ஐந்து மணிக்குப் பேருந்து ஏறுமுன் பணியிடத்திலேயே அமர்ந்து அதை இரவுணவாக உண்டுவிடலாம். தேநீர் இடைவேளையில் வடைக்குச் செலவாகும் பத்து நிமிடமே இதற்குப் போதும். பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டு வந்ததும் தின்பண்டம் தராமல் அந்த வேளையிலேயே முழு உணவைப் பரிமாற வேண்டும். அதைச் சூடாக்கித் தருவது பாட்டனார்க்கும் இயலும் பணியே. விளையாட்டு அதன்பின் ஒரு மணி கழித்து.

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருக்கும் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மருத்துவரிடம் அளவை மாற்றிக் கேட்டுக்கொள்ளாமல் உணவை நிறுத்துதல் ஆகாது. இரத்தச் சர்க்கரை சட்டெனத் தாழ்ந்து மயக்கம் வரும். கருவுற்றோரும் பாலூட்டும் தாயரும் முழு உபவாசம் மேற்கொள்ளுமுன் மருத்துவரையும் வீட்டுப் பெரியோரையும் கலந்துகொள்ள வேண்டும். வயிறு நிறைய உண்ணாமல் சிறிது குறைத்து உண்பதையும் நம் நூல்கள் தவமாகவே வகுத்துள்ளன. உபவாசம் இயலாத உடலுக்கு அத்தவம் திறந்தே இருக்கிறது.

தந்தையர்க்கு உரிய பங்கு இனி. சமையலறைக்கு வெளியே நின்று ‘உதவி வேண்டுமா’ எனக் கேட்பது பங்கு ஆகாது. வாரத்தில் மூன்று நாள் காலை உணவும், நாள்தோறும் காய் நறுக்குவதும், பாத்திரம் துலக்குவதும் ஒருவர் பொறுப்பாகவே எழுதி வைக்கப்பட வேண்டும். அந்நாள்களில் காலை ஆறு முதல் ஆறரை வரை தாய் நடக்கட்டும். அவ்வேளையில் அவரை அழைக்கலாகாது என்பதைப் பிள்ளைகளும் அறியட்டும். பள்ளிச்சீருடைக்குப் பொத்தான் அறுந்தாலும், சீப்பு காணாமற் போனாலும், அந்த அரைமணி தேவதானம், பள்ளிச்சந்தம். அதுபோலவே தந்தைக்கும் ஒரு வேளை வேண்டும். அவர் மாலையில் நடக்கலாம். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லலாம்.

இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பும் குடும்பங்கள், வரும் திங்கட்கிழமைக்கான காலைச் சமையல் யாருடையது என்பதை வழியிலேயே பேசி முடிவு செய்துவிடலாம்.